முதலில் மோட்டார், பிறகு தண்ணீர்

தம்பி பச்சைப் பொத்தானை அமுக்கினான். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

நாலைந்து நாளாக அந்தப் பொத்தானைத் தொட்டாலே தெரு அதிர உறுமிய இன்ஜின் அது. இப்போது உள்ளே யாரோ கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி அசைய மறுத்தது. தம்பி மறுபடி அமுக்கப் போனவன், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டான். குனிந்து பார்த்தான். வண்டிக்கு அடியில் தரை சொதசொதவென்று நனைந்திருந்தது.

"அக்கா, தண்ணிய யாரு தொறந்தது?"

நான் இல்லை. நான் ஸ்பேனரும் கையுமாக முன்பக்கம் நின்றிருந்தேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். மாட்டுக் கொட்டகை ஓரமாக, தண்ணீர்க் குழாயின் கேட் வால்வு மேல் கை வைத்தபடி எங்கள் அப்பா நின்றிருந்தார். முகத்தில் நல்ல காரியம் ஒன்றைச் சொல்லாமலே செய்து முடித்தவரின் திருப்தி.

மறுநாள் எங்கள் ஊர் ஏரியில் தெப்பத் திருவிழா. மாரியம்மன் ஏறி வரும் தெப்பத்தை இழுக்க வேண்டிய வண்டி இதுதான். இது ஓடாவிட்டால் ஊரைவிட்டே போய்விடுவதாக என் தம்பி ஊர்க் கூட்டத்தில் வாய் விட்டிருந்தான்.



தண்ணி இருக்கிற ஊர்

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கடை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாப்பிரெட்டிப்பட்டியில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணமான புதிதில், கம்பி சுற்ற ஆள் வரவில்லை என்று என் வீட்டுக்காரர் தவித்தபோது, "தள்ளுங்க, நான் சுத்தறேன்" என்று உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. 'காயில்காரக்கா' என்றால் அரூர் வரைக்கும் தெரியும்.

என் பிறந்த வீடு பக்கத்துக் கிராமம். அங்கே அப்பாவும் அவருடைய நிலமும். என் ஒரே தம்பி குமரேசன்.

போர் போட்டுப் போட்டுத் தண்ணீர் வராமல் புழுதி மட்டும் வந்த ஒரு வருடம், குமரேசன் அப்பாவிடம், "நான் தண்ணி இருக்கிற ஊருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அது வெறும் பேச்சு. பெற்ற பிள்ளை சொன்னதால், தன் நிலத்தைக் காறித் துப்பிவிட்டுப் போனதாக அப்பா எடுத்துக்கொண்டார்.

அவன் போய்ச் சேர்ந்தது கடற்கரை. அங்கே ஒரு விடுதியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு ஜெட் ஸ்கி ஓட்டிக் காட்டுகிற வேலை. ஜெட் ஸ்கி என்றால் தண்ணீர் மேல் ஓடுகிற மோட்டார் சைக்கிள். சக்கரம் கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சியடிக்கும், அந்த வேகத்தில் முன்னால் பாயும். ஊருக்கு வரும்போதெல்லாம் இதை அவன் சொல்லுவான். ஊர் சிரிக்கும். "தண்ணி மேல பைக்கு ஓட்டறானாம், கப்பல்காரன்" என்று பேரே வைத்துவிட்டார்கள். குளிக்கவே தண்ணீர் அளந்து ஊற்றுகிற ஊரில் அந்தக் கதையை யார் நம்புவார்கள்?

அப்பாவும் அவனும் நேராகப் பேசி வருடங்கள் ஆயின. ஒரே அறையில் ஒரே சோற்றுப் பானைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "உன் தம்பிகிட்ட ரசம் ஊத்திக்கச் சொல்லு" என்பார் அவர். "அப்பாகிட்ட வேணாம்னு சொல்லுக்கா" என்பான் இவன். நடுவில் நான் தந்தி ஆபீஸ். சில நாள் கோபம் வந்து, "நான் செத்துட்டா என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறேன். ரசம் சிந்தாமல் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தார்கள்.

வாயால் கெட்ட தவளை

விடுதியை மூடியபோது, மூலையில் செத்துக் கிடந்த ஒரு பழைய ஜெட் ஸ்கியைக் குமரேசன் இரும்பு விலைக்கு வாங்கிக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து இறக்கினான். மஞ்சளும் ஊதாவும் அடித்த, மூக்கு நீண்ட வண்டி. எங்கள் வீட்டு எருமை முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுக் கறக்க விடவில்லை.

அதே பருவத்தில்தான் அந்த அதிசயமும் நடந்தது. சித்தேரி மலையில் கொட்டிய மழையில் ஓடையெல்லாம் புரண்டு வந்து எங்கள் ஏரி நிரம்பிக் கோடி விழுந்தது. அதாவது, நிறைந்து வழிந்தது. வளர்ந்த பிள்ளைகள்கூட அதுவரை பார்த்திராத காட்சி. ஏரி கோடி விழுந்தால் கெடா வெட்டிப் பூசை போட்டு, அம்மனைத் தெப்பத்தில் ஏற்றி ஏரியைச் சுற்றி வரவேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம்.

முன்காலத்தில் கரையோரம் ஆட்கள் நடந்து வடம் பிடித்து இழுப்பார்கள். இந்தத் தடவை அது முடியாது. வறண்டு கிடந்த வருடங்களில் ஏரி ஓரமெல்லாம் சீமைக் கருவேலம் மண்டி, இப்போது தண்ணீருக்கு அடியில் முள்ளாக நின்றது. "கரையிலேயே தெப்பத்தக் கட்டிப் பூசை பண்ணிடலாம்" என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. ஊரே முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தது.

குமரேசன் எழுந்து நின்றான். "நடு ஏரி சுத்தமா இருக்குதுங்க. நான் இழுக்கறேன்."

"எதுல இழுப்ப?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"என் வண்டியிலங்க."

கொல்லென்று சிரிப்பு. ஊர்க்கவுண்டர் மட்டும் சிரிக்கவில்லை. "சாமி நடு ஏரியில நின்னுடக் கூடாது குமரேசா."

"நின்னா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேங்க. மறுபடியும் கடலுக்கே போயிடறேன்."

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவன் அப்படி மார் தட்டிய நேரத்தில் அந்த வண்டிக்கு உயிரே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே ஆள் இருந்தது. கூட்டம் கலைந்ததும் அவன் காதைத் திருகி, "ஏன்டா, ஓடாத வண்டிய வெச்சுக்கிட்டா சாமி காரியத்துல சத்தியம் பண்ணுன?" என்றேன்.

"நீ இருக்கற இல்லக்கா" என்றான்.

எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. எப்படியாவது இவனை இங்கே நிறுத்திவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நீலப் பொறி

கடையைச் சாத்திவிட்டுப் பிறந்த வீட்டில் டேரா போட்டேன். வீட்டுக்காரர், "போ, நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். என் முகத்தைப் பார்த்தால் வேறு எதுவும் சொல்லத் தோன்றியிருக்காது.

மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். வயலில் மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயரின் பெரியண்ணன். இரண்டு சிலிண்டர். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எனக்குப் பாதி பயம் அங்கேயே போய்விட்டது.

இன்ஜினுக்கு வேண்டியது மூன்று. அழுத்தம், பெட்ரோல், பொறி. பிளக்கைக் கழற்றித் துளையில் கட்டை விரலை வைத்துச் சுற்றினால், விரலைத் தள்ளியது. அழுத்தம் இருக்கிறது. கார்பரேட்டரைப் பிரித்தோம். பழைய பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி இறுகிப் பழுப்பாக ஒட்டியிருந்தது. கழுவி, ஊதி, துளை துளையாகக் குத்தி எடுத்தோம். மாட்டினோம். ஓடவில்லை.

அப்படியானால் பொறி. பிளக்கை இன்ஜின் உடம்போடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் படாமல் அதன் மேல் ஒரு சாக்கைக் கவிழ்த்து, நான் சாக்குக்குள் தலையை விட்டுக்கொண்டு, "சுத்துடா" என்றேன். ஒன்றும் இல்லை. அடுத்த சிலிண்டர். அங்கேயும் இருட்டு.

இரண்டு பக்கமும் ஒன்றாகச் செத்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்கும். முன்பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே காந்தச் சக்கரம். அதற்கு அடியில்... சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காயில்! உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போன ஒரு காயில். மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. கம்பி உள்ளே எங்கேயோ அறுந்திருக்கிறது.

"இதுக்கு பார்ட்ஸ் எங்கயும் கெடைக்காதுக்கா. பழைய மாடலு" என்றான் தம்பி, முகம் தொங்கி.

"பார்ட்ஸ் எதுக்குடா? காயில்காரிகிட்ட வந்து காயிலுக்கு அழறயா?"

முடி மாதிரி மெல்லிய கம்பி அது. மூச்சு விட்டால் அறுந்துவிடும். பழைய சுற்றைப் பிரித்து எண்ணிக்கொண்டே, அதே கனத்தில் புதுக் கம்பியைச் சுற்றினேன். வார்னிஷ் ஊற்றி, கூரை மேல் வெயிலில் காய வைத்து, மாட்டி, மறுபடி சாக்குக்குள் தலையை விட்டேன்.

நீலமாக ஒரு பொறி தெறித்தது. "ஐயோ வந்துடுச்சு!" என்று நான் கத்திய கத்தலில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது.

முதல் தடவை ஓடியபோது கிளம்பிய புகையைக் கேட்காதீர்கள். எதிர் வீட்டுக்காரம்மா, "கொசு மருந்து அடிக்க வந்துட்டாங்க" என்று சோற்றுப் பானையை மூடிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். நானும் தம்பியும் புகைக்குள் கட்டிப் பிடித்துக் குதித்தோம். தூரத்தில் அப்பா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் வரவில்லை. உள்ளேயும் போகவில்லை.

சாணித் தண்ணீர்

இனி அப்பா செய்த காரியத்துக்கு வருகிறேன். அதற்கு முன் கிணற்று மோட்டாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கிணற்று மேட்டில் இருக்கிற மோட்டார் பம்புக்கு முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அப்புறம்தான் சுவிட்ச். கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வு ஒழுகினால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம். சாணி போய் ஒழுகலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் மோட்டார் போட்டால் சீல் எரிந்து, காயில் கருகி, என் கடைக்கு வந்து சேரும். என் வீட்டு அடுப்பு பாதி எரிவதே அதை மறந்தவர்களால்தான். அப்பா ஆயுசில் ஒரு தடவைகூட மறந்தவர் இல்லை. தண்ணீர் காட்டாமல் மோட்டார் போடுகிறவனை அவர் மனிதனாகவே மதிக்க மாட்டார்.

ஜெட் ஸ்கிக்கு எல்லாம் தலைகீழ். ஏரியில் ஓடும்போது அதுவே தண்ணீரை இழுத்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும். வீட்டில் ஓட்டிப் பார்க்கும்போது குழாயை மாட்டி நாம்தான் தண்ணீர் விடவேண்டும். ஆனால் இன்ஜின் ஓட ஆரம்பித்த பிறகு. ஓடினால்தான் அந்தத் தண்ணீரைப் புகையோடு வெளியே தள்ளும். ஓடாதபோது விட்டால் புகைக்குழாய் நிரம்பி, புகை வந்த வழியே ஏறிச் சிலிண்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது தம்பிக்குத் தெரியும். அதுவரை குழாயை அவனே திறந்து மூடினான். அப்பாவிடம் சொல்லவில்லை. பேசினால்தானே சொல்ல?

அன்றைக்குத் தம்பி உள்ளே கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பிள்ளையின் வண்டி எரிந்துபோகக் கூடாதே என்று அப்பா தானாக வந்து, வால்வை நன்றாகத் திறந்துவிட்டிருந்தார்.

"வந்துடுச்சு!"

"தண்ணி காட்டாம மோட்டார் போடக் கூடாதுன்னு உன் தம்பிக்குத் தெரியாதா? சொல்லு அவன்கிட்ட" என்றார் அப்பா.

தம்பி அப்படியே வண்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுதுக்கா. உள்ள தண்ணி பூந்திருக்கு. பிஸ்டன் தண்ணியில முட்டி ராடு வளைஞ்சிருந்தா நம்மளால ஒண்ணும் பண்ண முடியாது. நாளைக்குக் கவுண்டர்கிட்ட நானே சொல்லிட்டு பஸ் ஏறிடறேன்."

அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வால்வை மூடினார். மூடிய பிறகும் இன்னொரு சுற்று இறுக்கினார்.

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை. "எந்திரிடா. பஸ்ஸு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொல்லிவிட்டு இரண்டு பிளக்கையும் கழற்றினேன். "இப்ப அமுக்கு."

அமுக்கினான். இரண்டு துளையிலிருந்தும் தண்ணீர் ஓட்டுக் கூரை உயரத்துக்குப் பீச்சியடித்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் பாதி, சட்டையில் மீதி. அவர் நகரவே இல்லை. போர் போடும்போது தண்ணீர் பொத்துக்கொண்டு வந்தால் கத்துவோமே, அதே குரலில், "வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினார்.

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அந்த நேரத்தில் சிரித்திருக்கக் கூடாது, ஆனாலும் சிரித்தோம்.

பிஸ்டனை ஏற்றி இறக்குகிற அந்த ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் அந்தப் பக்கத்து பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாது. அளக்க என்ன செய்வது? துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவினேன். பிளக் துளையில் விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது குச்சியில் நகத்தால் கீறினேன். அதே குச்சியை அடுத்த துளையில் விட்டேன். மூன்று தலையும் முட்டிக்கொண்டு குனிந்தோம்.

கீறல் அதே இடத்தில் நின்றது.

"வளையல!" என்றேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். எங்களுக்குத் துடைப்பம்.

அதற்குப் பிறகு ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. ஈரம் நின்றால் உள்ளே துரு ஏறிவிடும். பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, வைக்கோலைப் பரப்பி, வண்டியை ஒருக்களித்துச் சாய்த்து மிச்சத் தண்ணீரை வடித்தோம். ஆயில் கலந்த பெட்ரோலைத் துளையில் ஊற்றிச் சுற்றினோம். மறுபடி ஊற்றினோம், மறுபடி சுற்றினோம். பிளக் இரண்டையும் நான் அடுப்படிக்குக் கொண்டுபோய் தோசைக்கல்லில் போட்டு வறுத்தேன். அந்தக் கல்லில் இன்னமும் தோசை லேசாக பெட்ரோல் வாசம் அடிக்கிறது.

அப்பா வால்வுப் பக்கம் போய் நின்றுகொண்டார். "எப்பத் தொறக்கறதுன்னு கேளு" என்றார் என்னிடம்.

"ஸ்டார்ட் ஆனப்பறம் தொறக்கணும். நிறுத்தறதுக்கு முன்னாடி மூடணும். அப்பாகிட்ட சொல்லுக்கா."

நான் சொன்னேன். அப்பா மூன்று தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "மாப்பிள்ளை வந்தப்பறம்தான் பந்தி" என்று தனக்குத்தானே ஒரு கணக்கும் போட்டுக்கொண்டார்.

தம்பி பொத்தானை அமுக்கினான். இருமியது. கமறியது. பிடித்துக்கொண்டது! புகையும் சாரலுமாகக் கொட்டகையே அதிர்ந்தது. அப்பா காதைச் சாய்த்து ஒரு கணம் கேட்டார், பிறகு வால்வைத் திறந்தார். பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பக்குவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். எதிர் வீட்டு ஜன்னல் மறுபடி சாத்திக்கொண்டது.

நடு ஏரி

மறுநாள் பிற்பகல் ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. காலி டிரம்களைக் கட்டி, மேலே மூங்கில் பரப்பி, வாழை மரம் கட்டிய தெப்பத்தில் அம்மன் ஏறிவிட்டாள். முறைப்படி அனுமதி வாங்கியிருந்ததால் தீயணைப்பு வண்டியும் வந்து நின்றது.

ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. இழுக்கும்போது பின்சீட்டில் ஒருவர் திரும்பி உட்கார்ந்து, கயிறு தொய்கிறதா, தெப்பம் சாய்கிறதா என்று பார்த்துச் சொல்லியபடி வர வேண்டும். ஓட்டுகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. ஒத்துக்கொண்டிருந்த தம்பியின் சிநேகிதன், காலையில் வெள்ளோட்டத்தின் வேகத்தைப் பார்த்துவிட்டு, மாமியார் வீட்டில் அவசரம் என்று காரிமங்கலத்துக்குப் பஸ் ஏறியிருந்தான்.

தம்பி கூட்டத்தைப் பார்த்தான். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் செல்போனில் படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். "கயிறு நான் பாக்கறேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அது நிச்சயம்.

நீச்சல் தெரியாத மனிதர். தம்பி மிதவைச் சட்டையை அவருக்கு மாட்டி, ஒவ்வொரு பட்டையாக இழுத்து இறுக்கிவிட்டான். அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வண்டி கிளம்பியது. கயிறு விறைத்தது. தெப்பம் ஒரு உலுக்கு உலுக்கி நகர்ந்தபோது கரை முழுக்கக் குலவை எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் தண்ணீர் மேலாக அப்பாவின் குரல் எனக்குக் கேட்டது.

"மெதுவாடா... தொய்யுது, தொய்யுது, கொஞ்சம் இழு... எடப்பக்கம் ஒடிடா குமரேசா!"

"சரிப்பா!"

"சரின்னு சொல்லிட்டு வலப்பக்கம் ஒடிக்கறயே!"

"காத்து தள்ளுதுப்பா!"

ஏரியைச் சுற்றி முடிக்கும்வரை இரண்டு பேரும் வாயை மூடவே இல்லை. வருடக்கணக்கில் சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கத்தித் தீர்த்தார்கள். எனக்கு வேலை போய்விட்டது. இவ்வளவு சந்தோஷமாக யாரும் வேலை இழந்திருக்க மாட்டார்கள்.

தெப்பம் கரை சேர்ந்தது. அம்மன் இறங்கினாள். கயிற்றை அவிழ்த்தார்கள். ஊர்க்கவுண்டர் தம்பியின் கழுத்தில் மாலை போட்டார். அப்பா மட்டும் பின்சீட்டைவிட்டு இறங்கவில்லை. முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பிள்ளையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பக் கயிறு இல்ல இல்ல? வேகமாப் போடா."

தம்பி ஆக்ஸிலேட்டரை அமுக்கினான் பாருங்கள்! மஞ்சள் மூக்கு வானத்தைப் பார்க்க எழும்பி, தண்ணீர் இரண்டாகப் பிளந்து, நடு ஏரியில் வெள்ளையாக ஒரு வால் மட்டும் தெரிந்தது. ஊரே விசில் அடித்தது. முழங்கால் ஆழத்தில் நனைந்த புடவையோடு நின்று நானும் அடித்தேன். காயில்காரக்காவுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அப்பாவின் துண்டைக் காணவில்லை, தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். தம்பியின் தோளைப் பிடித்து இறங்கினார். நிறைந்து கிடந்த ஏரியை ஒரு தடவை பார்த்தார்.

"நாத்தங்கால் ஓட்டணும். வெடியால சீக்கிரம் எந்திரிச்சுடு" என்றார்.

"சரிப்பா" என்றான் குமரேசன்.